உறையின் மேல் எழுதும் பெயர்

எழும்பூரில் 1909 முதல் இயங்கிவரும் ஆவணக் காப்பகத்தில் அரசாணையைத் தேடுபவருக்குத் துறை, எண், தேதி மூன்றும் தெரிந்தால் போதும். அரசுக் கோப்பு பிறக்கும்போதே எண்ணோடு பிறக்கிறது. 'ஆர்.டிஸ்.' என்று முடித்த கோப்பு நிரந்தரமாகக் காக்கப்பட வேண்டியது என்பதுகூட அதன் மேலேயே தெரியும். ஒரு தமிழாசிரியரின் வீட்டுப் பரணிலிருந்து இறங்கும் தாள்களுக்கு இந்த வசதி ஏது? அவற்றை உறையிலிட்டுப் பெயர் எழுதும் பொறுப்பு காப்பாளருடையது.

நெதர்லாந்து அறிஞர் மூவர் 1898இல் வெளியிட்ட கையேடு, ஆவணங்களை உண்டாக்கியவர் வைத்த ஒழுங்கைக் கலைக்கலாகாது என்று வகுத்தது. அவர் இட்ட பெயருக்கும் அது பொருந்தும் என்பது என் துணிபு. பழைய உறையில் 'மாமா கடிதங்கள்' என்றிருப்பதாகக் கொள்வோம். 'குடும்பக் கடிதங்கள்' என்று மாற்றினால் பார்வைக்கு ஒழுங்காக இருக்கும். எழுதியவர் தாய்மாமனா, மாமனாரா என்று தேடத் தூண்டும் தடயம் போய்விடும். பழைய பெயரை அப்படியே எழுதி, மாமாவின் பெயரைச் சதுர அடைப்புக்குள் சேர்த்தால், எது அவர் சொல், எது நாம் சேர்த்தது என்பது விளங்கும்.

நம் தாள்களில் பெரிதும் சோதிப்பது தேதி. 'பிரபவ வருஷம் தை மாதம்' என்று மட்டும் ஒரு கடிதத்தில் இருக்கிறது. பிரபவ ஆண்டு 1867, 1927, 1987 மூன்றிலும் பிறந்தது. அஞ்சல்தலையைப் பார்த்து இடைப்பட்டதுதான் என்று முடிவு செய்தாலும் 1927 என்று எழுதிவிடக் கூடாது. அந்தத் தை பிறந்தது 1928 ஜனவரியில். தமிழாண்டும் ஆங்கில ஆண்டும் சேர்ந்தே உறையில் இருக்கட்டும்.

பெண்கள் எழுதிய கடிதங்களைக் கணவர் பெயருக்குள் அடக்கும் வழக்கத்தையும் விடவேண்டும். எழுதியவர் பெயர் தெரிந்தால் அதுவே உறையில் வரவேண்டும். 'இதர' என்ற தலைப்போ கூடவே கூடாது. அதை நம்பி எந்த ஆய்வாளர் எதைக் கேட்பார்?

எழுதுவது பென்சிலால். பேனா மை ஈரம் பட்டால் பரவும். ஒட்டுச்சீட்டு பசை காய்ந்ததும் உதிரும்.

முன்னோர் தாள்களைக் காப்பகத்துக்குக் கொடுக்க எண்ணும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய உறைகளையும் கட்டுக்கயிற்றில் செருகிய துண்டுச்சீட்டுகளையும் கழித்துவிடாதீர்கள். எந்த மாமா, எந்த ஊர் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டு எழுதி, தாள்களோடு சேர்த்துக் கொடுங்கள்.