கூகை வந்த வழி

லூமுட்டிலிருந்து சித்தியவான் போகும் வழியில், செம்பனைத் தோட்டத்துக்குள் கம்பத்தின் மேல் ஒரு மரப்பெட்டி நிற்கிறது. பள்ளி விடுமுறையில் அக்கா பிள்ளைகளை அங்கே அழைத்துப் போனேன்.

"புறாக் கூடா மாமா?" என்றான் சின்னவன்.

ஆந்தைக் கூடு என்றதும் பெரியவள் முகம் மாறியது. "அது அலறினா வீட்ல சாவு விழும்னு பாட்டி சொல்வாங்க."

பெட்டிக்குக் கீழே கறுப்பு உருண்டைகள் கிடந்தன. இந்த வகை ஆந்தைக்குக் கூகை என்று பெயர். எலியை முழுசாக விழுங்கி, செரிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். குச்சியால் ஒன்றைப் பிரித்தேன். உள்ளே இரண்டு மண்டையோடுகள். பயம் போய், பிள்ளைகள் எண்ணத் தொடங்கிவிட்டார்கள்.

எந்த விலங்கு, எத்தனை, ஏன் இங்கே? முதல் இரண்டு கேள்விக்கும் பதில் தரையிலேயே கிடந்தது. மூன்றாவதற்கு வரலாறு வேண்டும்.

சங்கப் பாடல்களிலேயே கூகை என்ற பெயர் உண்டு. ஆனால் மலாயாவில் இது அபூர்வப் பறவையாகத்தான் இருந்தது. இங்கே குஞ்சு பொரித்ததாக முதலில் பதிவானது 1968இல், ஜொகூரின் ஒரு செம்பனைத் தோட்டத்தில். பழத்துக்கு எலி வந்தது. எலிக்குக் கூகை வந்தது. கூகை கூடு கட்டாது, பொந்திலோ கூரை இடுக்கிலோ முட்டையிடும். செம்பனையில் பொந்து ஏது? அதனால்தான் தோட்டங்கள் பெட்டி வைத்தன.

செம்பனை மட்டும் சும்மா வந்ததா? 1917இல் சிலாங்கூரில் வணிகப் பயிராகத் தொடங்கியது. 1960களில் ரப்பர் விலை சரிந்தபோது, பால்மரங்களை வெட்டிய இடங்களில் பரவியது. பால்மரத்துக்கு விடியற்காலையில் ஆள் வேண்டும். செம்பனைக் குலையைப் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வெட்டினால் போதும். அதே நிலத்துக்கு ஆள் தேவை குறைந்தது. 1969இல் வேலை பெர்மிட் கெடுபிடி வந்தபோது, குடியுரிமை இல்லாத தமிழர்கள் ஆயிரக்கணக்கில் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். மிஞ்சியவர்களின் பிள்ளைகள் மெல்ல மெல்லத் தாமான்களுக்கு நகர்ந்தார்கள்.

கூகை பெருகிய வரைபடத்தையும் நாம் குறைந்த வரைபடத்தையும் ஒரே தாளில் வரையலாம். பாடநூலில் வாழிடம் என்றால் காடு, கடல், பாலைவனம். தோட்டமும் ஒரு வாழிடம்தான். அங்கே வாழ்ந்த மனிதர்களையும் சேர்த்து எண்ணினால்தான் அந்தப் பாடம் முழுமையாகும்.

பெரியவள் நோட்டில் பெட்டிக்கு ஒரு புள்ளி வைத்தாள். லயம் இருந்த இடத்தையும் குறிக்கச் சொன்னேன்.

"எத்தனை வீடு மாமா இருந்துச்சு?"

அதைப் பாட்டியிடம்தான் கேட்க வேண்டும்.