கழுகுமலை முதல் மாயாறு வரை: தமிழகத்தில் பாறுகளின் அழிவும் மீட்பும்

முன்னுரை

கோவில்பட்டிக்கு மேற்கே ஏறத்தாழ 20 கி.மீ. தொலைவில், கரிசல் நிலத்தின் நடுவே எழுந்து நிற்கும் பாறைக்குன்று கழுகுமலை. பாண்டியர் காலத்து ஒற்றைக்கல் தளியான வெட்டுவான் கோயிலாலும் சமணச் சிற்பத் தொகுதியாலும் வரலாற்றாய்வில் இவ்வூர் தனியிடம் பெற்றுள்ளது. ஆயின், ஊர்ப்பெயர் சுட்டும் பறவையினத்தை இன்று கரிசல் வானில் காண்பது அரிது. தமிழகத்தில் இனப்பெருக்கம் செய்யும் பாறுக்கூட்டங்கள் பெரும்பாலும் நீலகிரி மலைத்தொடரின் வடபுறத்தே, மாயாற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிய முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் ஒடுங்கிவிட்டன. பாறுகளைக் காத்தல் மலைக்காட்டின் எல்லைக்குள் முடிந்துவிடும் பணியன்று. அதன் வெற்றியும் தோல்வியும் சமவெளியின் மாட்டுத்தொழுவங்களிலும் மருந்துக்கடைகளிலும் முடிவாகின்றன என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

சொல்லும் ஊர்ப்பெயரும்

இன்றைய வழக்கில் ‘கழுகு’ என்னும் சொல் வேட்டையாடி உண்ணும் பறவைகளையும் இறந்த உடல்களை உண்ணும் பறவைகளையும் ஒருங்கே குறிக்கிறது. சங்க இலக்கியத்திலோ பிணந்தின்னும் பறவைகளுக்கு எருவை, பாறு ஆகிய தனிப்பெயர்கள் வழங்கின. பாலை வழியையும் போர்க்களத்தையும் சுடுகாட்டையும் பாடும் புலவர்கள் இப்பெயர்களை ஆண்டுள்ளனர். பிற்காலத்தில் இவ்வேறுபாடு மங்கி, ‘பிணந்தின்னிக் கழுகு’ என்னும் இழிவுக்குறிப்புடைய தொடர் நிலைபெற்றது. அண்மைக்காலத்தில் இயற்கை ஆர்வலர்கள் பாறு என்னும் பழஞ்சொல்லை மீட்டெடுத்து, தமிழகத்தில் வாழும் நான்கு இனங்களை வெண்முதுகுப் பாறு, கருங்கழுத்துப் பாறு, செந்தலைப் பாறு, மஞ்சள்முகப் பாறு என வேறுபடுத்தி வழங்குகின்றனர்.

கழுகுமலையின் பெயர்வரலாறும் கருதத்தக்கது. சமணச் சிற்பங்களை ஒட்டியுள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகள் இவ்வூரை நெச்சுரம் என்னும் பெயரால் குறிக்கின்றன. பின்னர் திருப்புகழ்த் தலமாகவும், 19ஆம் நூற்றாண்டில் அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்து வழியாகவும் கழுகுமலை என்னும் பெயர் பரவலாக அறியப்பட்டது. சடாயுவின் தமையனாகிய சம்பாதி இங்கு முருகனை வழிபட்டான் என்பது தலபுராணம். இறைவனும் கழுகாசலமூர்த்தி என்றே அழைக்கப்படுகிறான். செங்கல்பட்டுப் பகுதியின் திருக்கழுக்குன்றத்தில் மஞ்சள்முகப் பாறு இணை ஒன்று நண்பகலில் வந்து உணவு பெற்றுச் சென்றது. அவ்வருகை கடந்த நூற்றாண்டின் இறுதியில் நின்றுபோயிற்று.

ஊர்ப்பெயரை மட்டும் கொண்டு பறவைகளின் எண்ணிக்கையைக் கணித்தல் பொருந்தாது. எனினும், பாறு சமவெளி மக்கள் அறிந்த பறவை என்பதும், அதன்மீது அருவருப்பு மட்டுமன்றி மதிப்பும் நிலவியது என்பதும் இப்பெயர்களால் உறுதியாகின்றன.

அழிவின் காரணம்

வெண்முதுகுப் பாறு 1992க்கும் 2007க்கும் இடையே இந்தியாவில் 99.9 விழுக்காடு குறைந்தது. பரத்பூரில் 1990களில் நடைபெற்ற களஆய்வுகள் இச்சரிவை முதலில் வெளிப்படுத்தின. நோய்த்தொற்று, உணவுப் பற்றாக்குறை எனப் பல காரணங்கள் கருதப்பட்டன. பாகிஸ்தானில் மேற்கொள்ளப்பட்டு 2004இல் வெளியான ஆய்வே உண்மைக் காரணத்தை நிறுவியது. கால்நடைகளுக்கு வலிநீக்கியாகச் செலுத்தப்பட்ட டைக்ளோபினாக், இறந்த மாட்டின் உடலில் தங்கி, அதனை உண்ட பாறின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்தது. உள்ளுறுப்புகளில் யூரிக் அமிலம் படிந்து பறவை சில நாள்களில் இறந்தது.

பாறுகள் கூட்டமாக உண்பவை. ஆதலால், நச்சேறிய ஓர் உடலே பல பறவைகளைக் கொல்லும். நூறு உடல்களுள் ஒன்றுக்கும் குறைவானதில் இம்மருந்து இருந்தாலே இத்தகைய சரிவு நிகழும் என்று கணிக்கப்பட்டுள்ளது. வெண்முதுகுப் பாறும் கருங்கழுத்துப் பாறும் ஆண்டுக்கு ஒரு முட்டையே இடுகின்றன. எனவே, விரைவாக நிகழ்ந்த இழப்பை ஈடுசெய்ய நெடுங்காலம் தேவைப்படுகிறது.

சட்டமும் மருந்துக்குப்பியும்

கால்நடைகளுக்கான டைக்ளோபினாக்கை இந்திய அரசு 2006இல் தடைசெய்தது. ஆயினும், மனிதருக்கான 30 மி.லி. குப்பிகள் கால்நடை மருத்துவத்திற்குத் திருப்பப்பட்டன. அதனைத் தடுக்க, 2015இல் ஊசிமருந்துக் குப்பியின் அளவு 3 மி.லி. என வரையறுக்கப்பட்டது. இதனை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில், 2017இல் சென்னை உயர்நீதிமன்றம் அரசின் கட்டுப்பாட்டை உறுதிசெய்தது. பாறுகளுக்குத் தீங்கு விளைக்கும் கீட்டோபுரோபன், அசிக்ளோபினாக் ஆகியனவும் 2023இல் கால்நடைப் பயன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டன. பாறுகளுக்குத் தீங்கற்ற மாற்றாக மெலாக்சிகாம் கிடைக்கிறது.

தமிழக அரசு 2022இல் மாநில அளவிலான பாறு பாதுகாப்புக் குழுவை அமைத்தது. தமிழகம், கேரளம், கருநாடகம் ஆகிய மாநிலங்கள் இணைந்து 2023 பிப்ரவரியில் நடத்திய கணக்கெடுப்பில் 246 பாறுகளும், அவ்வாண்டு டிசம்பரில் 320 பாறுகளும் பதிவாயின. இவ்வெண்கள் நம்பிக்கை தருவன. எனினும், மூன்று மாநிலக் காடுகளின் மொத்தமே இவ்வளவுதான் என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

கரிசல் நிலத்தின் இடம்

பாறு இரைதேடி நெடுந்தொலைவு பறப்பது. அதனால்தான் பாறு பாதுகாப்பு மண்டலங்கள் கூடுகளைச் சுற்றி 100 கி.மீ. ஆரத்தில் திட்டமிடப்படுகின்றன. கழுகுமலையிலிருந்து மேற்குத்தொடர்ச்சி மலையடிவாரம் அத்தொலைவுக்குள் நன்கு அடங்கும். தென்கோடி மலைகளுக்குப் பாறு மீண்டும் பரவ வேண்டுமெனில், கரிசல் ஊர்களின் மாடு எந்த ஊசியோடு இறக்கிறது என்பதே முதல் வினாவாகும்.

உணவு பற்றிய வினா சமூக வரலாற்றோடு பிணைந்தது. இறந்த மாட்டை ஊர்ப்புறத்தே அகற்றும் பணி முன்னர் ஒடுக்கப்பட்ட சாதியினர்மீது கட்டாயமாகச் சுமத்தப்பட்டிருந்தது. அதனை மறுத்தல் தன்மதிப்புப் போராட்டத்தின் ஒரு கூறாயிற்று. உழவில் டிராக்டர் பெருகியதும், இறந்த உடலைப் புதைக்கும் வழக்கம் பரவியதும் பாறின் உணவைக் குறைத்தன. ஆகவே, பழைய ஏற்பாட்டிற்குத் திரும்புதல் தீர்வாகாது. காட்டில் இயல்பாக இறக்கும் விலங்குகளைப் புதைக்காது விடுதலும், மருந்தற்ற உடல்களை உரிய கூலியோடும் கருவிகளோடும் கையாளும் பொதுப்பணி அமைப்பும் அறமும் அறிவியலும் ஏற்கும் வழிகளாகும்.

முடிவுரை

பாறு மலையில் கூடு கட்டினாலும், அதன் வாழ்வைச் சமவெளியின் கால்நடை வளர்ப்பே பெரிதும் முடிவுசெய்கிறது. புலிக்கும் யானைக்கும் காட்டின் எல்லையை வரைந்து காவலிடுதல் பெரும்பயன் தரும். பாறுக்கு அது போதாது. கால்நடை மருத்துவர், மருந்து வணிகர், உழவர் ஆகியோரின் அன்றாட முடிவுகளே அதன் உண்மையான காப்பரண். கழுகுமலை என்னும் பெயர் இன்று புராண நினைவாக எஞ்சியுள்ளது. அப்பெயருக்குரிய பறவையை மீட்கும் பொறுப்பில் கரிசல் நிலத்திற்கும் பங்குண்டு என்பதே இவ்வரலாறு உணர்த்தும் முடிபு.