சுட்ட மண்ணும் பழைய கம்ப்யூட்டரும்

விருத்தாசலம்னாலே பீங்கான்தான். ஃபியூஸ் கட்டை, பொம்மைன்னு சூளையில சுட்டு ஊர் ஊரா அனுப்புவாங்க. கம்ப்யூட்டருக்கும் பீங்கானுக்கும் ஒரு பழைய உறவு உண்டு தெரியுமோ? இன்டெல்லின் 486 (1989), பென்டியம் (1993) ரெண்டு சிப்பும் வந்தது பீங்கான் கூட்டுலதான்!

486 போர்டு வச்சிருந்தவங்களுக்காகவே 'ஓவர்டிரைவ்'னு ஒரு சிப்பை இன்டெல் வித்தது. போர்டு அப்படியே இருக்கும், வேகம் மட்டும் கூடும். அப்புறம் கதை மாறிடுச்சு. 2009-ல் வந்த சாக்கெட்டுக்கு 1156 முள், 2011-ல் வந்ததுக்கு 1155. ஒரே ஒரு முள்தான் வித்தியாசம், ஆனா பழைய போர்டுல புது சிப் உட்காராது. ஏஎம்டி கொஞ்சம் தாராளம். 2016-ல் விட்ட ஏஎம்4 சாக்கெட்டுக்கு 2024-லயும் புது சிப் விட்டாங்க.

சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாதும்பாங்களே, கணக்கு அதுதாங்க. இருக்குற போர்டோட ஒட்டுற பார்ட்ஸைத் தயங்காம மாத்துங்க. சாட்டா வசதி இருந்தா, ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலா எஸ்எஸ்டி போட்டாலே பத்து வருஷப் பெட்டியும் சுறுசுறுப்பாயிடும். போர்டு, ராம், பிராசசர் மூணையும் மாத்தணும்னா அது அப்கிரேடு இல்ல, புதுப் பெட்டி. அந்தக் காசைச் சேர்த்து வைங்க. விண்டோஸ் 10-க்கு வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிஞ்சுதேன்னு பெட்டியைத் தூக்கிப் போட வேணாம். லினக்ஸ் போட்டா இன்னும் சில வருஷம் உழைக்கும்.