இறையாண்மைக் கிருபை: ஊவாத் தோட்டங்களில்

இறையாண்மைக் கிருபை என்பது, மனிதரின் இரட்சிப்பு தொடக்கம்முதல் முடிவுவரை கடவுளின் சுயாதீனமான சித்தத்தில் தங்கியிருக்கிறது என்னும் கிறிஸ்தவப் போதனை. குலம், படிப்பு, புண்ணியச் செயல் எதுவும் கடவுளைக் கடனாளி ஆக்குவதில்லை. அவர் இரங்குவது தம்முடைய விருப்பத்தினாலேயே. யாத்திராகமம் 33, ரோமர் 9, எபேசியர் 2 ஆகிய அதிகாரங்கள் இதற்கு முதன்மை ஆதாரங்கள். தகுதியற்றவருக்கு அருளப்படுவது கிருபை. துன்பத்தில் கிடப்பவரைக் கண்டு உருகுவது இரக்கம். பாவத்தைப் பாவமென்றே தீர்ப்பது நீதி. பாவியை மன்னித்தும் கடவுள் நீதியுள்ளவராகவே நிற்பது எப்படி என்ற கேள்விக்கு ரோமர் 3 கிறிஸ்துவின் சிலுவையைக் காட்டிப் பதில் சொல்கிறது. எல்லவுக்கும் பதுளைக்கும் இடையிலுள்ள தெமோதரையையும் சுற்றியுள்ள தேயிலை மலைகளையும் இப்போதனை எவ்வாறு எட்டியது, அங்கே என்ன பொருள் கொள்கிறது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

விவாதம் பழையது. மனிதர் தம் முயற்சியாலேயே நன்மையைத் தெரிந்துகொள்ளலாம் என்ற பெலாகியுவின் கருத்தை அகுஸ்தீன் எதிர்த்தார். கார்த்தேஜ் சங்கம் 418இல் அகுஸ்தீன் பக்கம் நின்றது. 1618–19இல் நெதர்லாந்தின் டோர்ட் நகரில் கூடிய சங்கம், கடவுள் மனிதரைத் தெரிந்துகொள்வது அவர்களிடம் முன்கண்ட விசுவாசத்தையோ நன்மையையோ பார்த்து அல்ல என்று வரையறுத்தது. ஜான் வெஸ்லி இதை ஏற்கவில்லை. கிருபை எல்லாருக்கும் இலவசம், அதை மறுக்கவும் மனிதரால் முடியும் என்று 1739இல் பிரசங்கித்தார்.

தமிழ் வாசகருக்கு இது அந்நியமான சண்டையாகத் தோன்ற வேண்டியதில்லை. வைணவத்தில் தென்கலையாரின் மார்ஜார (பூனைக்குட்டி) நியாயமும் வடகலையாரின் மர்க்கட (குரங்குக்குட்டி) நியாயமும் ஏறக்குறைய இதே கேள்வியைத்தான் கேட்டன: காப்பது முழுவதும் இறைவனின் பொறுப்பா, பற்றிக்கொள்ளும் கடமை உயிருக்கும் உண்டா? சைவ சித்தாந்தத்திலோ இருவினையொப்பும் (நல்வினை தீவினைகளைச் சமமாகக் காணுதல்) மலபரிபாகமும் (ஆணவமலம் பக்குவப்படுதல்) கூடிய பின்னரே சத்திநிபாதம் (அருள் பதிதல்) நிகழ்கிறது. பவுலின் போதனை முக்கியமாகப் பிரிவது இங்கேதான். பக்குவப்படாதவரை, தேவபக்தியற்றவரையே கடவுள் நீதிமானாக்குகிறார் என்கிறது ரோமர் 4. தோட்டங்களில் பெரும்பான்மையோர் மாரியம்மனையும் முருகனையும் வழிபடுவோர். அவர்கள் நடுவில் கிருபையைப் பற்றிப் பேசுபவர், அருள் என்பதையே அறியாதவர்களிடம் பேசுவதாக எண்ணிக்கொண்டால் அது பெரும் பிழை.

டோர்ட் சங்கத்தின் கோட்பாட்டை இலங்கைக்குக் கொண்டுவந்தவர்கள் ஒல்லாந்தர். யாழ்ப்பாணம் 1658இல் அவர்கள் வசமானது. ஆனால் ஊவா 1815வரை கண்டி இராச்சியத்தின் கீழ் இருந்ததால் அந்த ஓட்டம் இம்மலைகளில் ஏறவில்லை. இங்கே வந்தவை வேறு ஓட்டங்கள். கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளருக்காக 1854இல் ஆங்கிலிக்கன் திருச்சபையின் சர்ச் மிஷன் சங்கமும் தோட்டத் துரைமாரும் சேர்ந்து தமிழ்க் கூலி மிஷனைத் தொடங்கினார்கள். திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்து பிரசங்கித்தார்கள். மெதடிஸ்தத் திருச்சபை 19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் பதுளையையும் அப்புத்தளையையும் மையமாக்கி ஊவா மிஷனை நடத்தியது. ஆங்கிலிக்கன் திருச்சபையின் 39 விதிகளில் 17ஆவது விதி முன்குறித்தலை, அதாவது கடவுள் முன்னமே தெரிந்துகொள்வதை, போதிக்கிறது. மெதடிஸ்தரோ வெஸ்லியின் வழி வந்தவர்கள். ஆகவே ஒரே மலைத்தொடரில் இரண்டு விடைகளும் அடுத்தடுத்து ஒலித்தன.

உபதேசியார்களின் தாய்நிலமான திருநெல்வேலியே இப்போதனையைத் தமிழில் காவியமாக்கிய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையையும் தந்தது. வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் ஞானஸ்நானம் பெற்ற அவரின் ‘இரட்சணிய யாத்திரிகம்’ 1894இல் வெளிவந்தது. அதன் மூலநூலை எழுதிய ஜான் பனியன், டோர்ட் கோட்பாட்டைப் பேசும் கல்வினிய மரபைச் சேர்ந்தவர்.

துரைமாரின் பணத்தில் நடந்த மிஷன் என்பதை எளிதாகக் கடந்துவிட முடியாது. கடவுளின் இறையாண்மையைச் சொல்லும் வாயே தோட்டத்தின் அதிகார அடுக்கையும் கடவுள் வைத்த ஒழுங்காகச் சொல்லிவிடும் ஆபத்து எப்போதும் இருந்தது. இரண்டும் ஒன்றல்ல. மத்தேயு 20இல் வரும் திராட்சத்தோட்ட உவமை இதை வெளிச்சமாக்குகிறது. விடியற்காலையில் வந்தவருக்கும் கடைசி ஒரு மணி நேரம் மட்டும் உழைத்தவருக்கும் ஒரே கூலி. கொழுந்து நிறை குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் கூலி, என்ற கணக்கில் வாழ்ந்தவர்களுக்கு இந்தக் கதை தொலைதூரத்துக் கதையாக இருக்க முடியாது. ஒரு மணி நேரம் நின்றவனுக்கு அங்கே முழுப்பேர் விழுகிறது. காலையில் வந்தவர் முணுமுணுக்கிறார்.

இறையாண்மை, இரக்கம், நீதி ஆகிய மூன்றும் அந்த ஒரு கதைக்குள் இருக்கின்றன. தனக்குரியதைத் தன் விருப்பப்படி கொடுக்கும் எஜமானின் சுதந்திரம் இறையாண்மை. வேலை கிடைக்காமல் சந்தையில் நின்றவனைத் தேடித் தானே திரும்பத் திரும்பப் போவது இரக்கம். முதலில் வந்தவனுக்குப் பேசிய கூலி ஒரு காசும் குறையாமல் கொடுக்கப்படுகிறது, அது நீதி. இந்த மூன்றாவதை விட்டுவிட்டு முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்ளும் முதலாளி உவமையைத் தன் பக்கம் சேர்க்க முடியாது. எஜமானின் சுதந்திரம் அங்கே கூடுதலாகக் கொடுப்பதில் வெளிப்படுகிறது, பிடித்துக்கொள்வதில் அல்ல. நெடிய போராட்டத்துக்குப் பிறகு 2021இல்தான் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாய் என்று வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. கூலிக்காரரின் கூலியைப் பிடித்து வைப்பதை யாக்கோபு 5 கடவுளின் காதில் எட்டும் கூக்குரலாகச் சொல்கிறது. கிருபையைப் பிரசங்கிக்கும் சபைக்கு அந்த அதிகாரமும் வேதம்தான்.

பேரிடரைக் கடவுளின் தீர்ப்பாக வாசிக்கும் பழக்கமும் இப்பகுதியில் ஆராயத்தக்கது. பதுளை நகரின் பரிசுத்த மாற்கு ஆலயம், 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்த மேஜர் தோமஸ் வில்லியம் றொஜர்ஸின் நினைவாகக் கட்டப்பட்டது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்று பெயர்பெற்றவர் அவர். அந்த இடி யானைகளின் பழி என்ற பேச்சு இன்றும் உண்டு. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் மேல் மலை சரிந்து தொழிலாளர் வாழ்ந்த லயங்கள் மண்ணுக்குள் போயின. அங்கே இறந்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகளா? சீலோவாமில் கோபுரம் விழுந்து இறந்தவர்களைப் பற்றிய இதே கேள்விக்கு இயேசு இல்லை என்று பதிலளித்ததை லூக்கா 13 பதிவு செய்கிறது. மீரியபெத்தையில் மண்சரிவு அபாயம் முன்பே எச்சரிக்கப்பட்டிருந்தது. அப்படியிருக்க நடந்ததைக் கடவுளின் சித்தம் என்று மட்டும் சொல்லி முடிப்பது, மக்களை அங்கிருந்து மாற்றி வீடு கொடுத்திருக்க வேண்டியவர்களின் பொறுப்பை அவர் தலையில் சுமத்துவதாகும். இறையாண்மைப் போதனை அதற்கு இடம் கொடுக்கவில்லை.

தெரிந்துகொள்ளுதல் என்பது இப்போதனையின் மிகக் கடினமான பகுதி. மலையக மக்களுக்கு அதில் தனிப்பட்ட வலி ஒன்றும் உண்டு. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பான்மையோரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று எண்களால் பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இன் ஒப்பந்தம் சமமாகப் பங்கிட்டது. குடும்பங்கள் பிரிந்தன. நாடற்றிருந்தோரின் பிரச்சினைக்கு 2003ஆம் ஆண்டின் சட்டம்தான் தீர்வு தந்தது. இப்படிப் பட்டியல்களால் பிரிக்கப்பட்ட மக்களிடம், கடவுளும் சிலரை எடுத்துச் சிலரை விட்டுவிட்டார் என்று பேசுவது கொடுமையாக முடியலாம். வேதாகமமோ வேறொரு திசையைக் காட்டுகிறது. உபாகமம் 7இல் இஸ்ரவேல் தெரிந்துகொள்ளப்படுவது அது பெரிய ஜனமாயிருந்ததால் அல்ல. எகிப்தில் அடிமைப்பட்டுக் கிடந்த சிறிய ஜனம் அது. 1 கொரிந்தியர் 1 உலகம் அற்பமாக எண்ணியவர்களையே கடவுள் தெரிந்துகொண்டார் என்கிறது. தெரிந்துகொள்ளுதல் இந்த வசனங்களில் எண்ணப்படாதவர்களுக்கான செய்தியாகவே வருகிறது. அப்படியே அது பிரசங்கிக்கப்படவும் வேண்டும்.

இத்தகைய பிரசங்கத்துக்கு இலங்கையிலேயே முன்மாதிரிகள் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபையில் பதுளை 1972இல் தனி மறைமாவட்டமானது. அதுவரை கண்டியின் ஆயராக இருந்த லியோ நாணயக்கார அதன் முதல் ஆயராகி, வறியவரோடு நிற்பதைத் தம் பணியின் நடுவில் வைத்தார். மெதடிஸ்தரான யாழ்ப்பாணத்து டி.டி. நைல்ஸ் (1908–1970), நற்செய்தி சொல்பவரை உணவு கிடைத்த இடத்தை இன்னொரு பிச்சைக்காரருக்குக் காட்டும் பிச்சைக்காரராகக் கண்டார். கிருபையைப் பெற்றவர் அதற்குச் சொந்தக்காரர் அல்ல என்பதை இலங்கைத் தமிழர் ஒருவர் இதைவிடச் சுருக்கமாகச் சொன்னதில்லை.

நீதிமானாக்கப்படுதல் பற்றி நூற்றாண்டுகளாக இருந்த பிளவு அண்மைக் காலத்தில் குறைந்திருக்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் கூட்டமைப்பும் 1999 அக்டோபர் 31ஆம் திகதி ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டறிக்கையில் கையொப்பமிட்டன. மனிதர் தம் புண்ணியத்தால் அல்ல, கிறிஸ்துவில் விசுவாசத்தின் மூலம் கிருபையாலேயே ஏற்றுக்கொள்ளப்படுகிறார்கள், நற்செயல்கள் அதன் கனிகளாக வருகின்றன என்பது அதன் சாரம். உலக மெதடிஸ்த மன்றம் 2006இலும், டோர்ட் மரபைச் சேர்ந்த சபைகளையும் உள்ளடக்கிய உலக சீர்திருத்தத் திருச்சபைகளின் ஐக்கியம் 2017இலும் அதில் இணைந்தன. முன்குறித்தலைப் பற்றிய வேறுபாட்டை அந்த அறிக்கை தீர்க்கவில்லை.