நாணல் கொடுத்த சீதனம்

மலருக்குக் கட்டுரை என்றதும் பாய்லர், டர்பைன் என்று ஏதாவது எழுதுவேன் என நண்பர்கள் நினைத்திருப்பீர்கள். சர்க்கரை ஆலையில் வேலை பார்ப்பவன்தானே! ஆனால் மெஷின் எவ்வளவு நல்லா ஓடினாலும், வயலிலிருந்து கரும்பு வரலைன்னா அரவை கிடையாது. அந்தக் கரும்பைக் காப்பாற்றிய கதை நம்ம கோயமுத்தூர்க் கதை. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

கரும்புக்கு வரும் நோய்களில் எமன் என்றால் அது செவ்வழுகல். மேலிருந்து மூணாவது, நாலாவது இலை மஞ்சளாகிக் காயும். கரும்பைப் பிளந்து பார்த்தால் உள்ளே சிவப்பு, இடையிடையே குறுக்காக வெள்ளைத் திட்டுகள், புளித்த சாராய வாடை. பூஞ்சை தண்டுக்குள்ளேயே குடியிருப்பதால் மேலே மருந்தடிச்சுப் பெரிதாகப் பிரயோஜனமில்லை. நோய் பிடித்த விதைக்கரணை வழியாகவே அடுத்த வயலுக்கும் போய்விடும். ஆகவே கரும்புக்கே எதிர்ப்புச் சக்தி இருந்தால்தான் உண்டு.

19ஆம் நூற்றாண்டின் கடைசி வருஷங்களில் கோதாவரி டெல்டாவில் இந்த நோய் கரும்பை வாரிக்கொண்டு போனது. அதன் விளைவாக 1902ல் சாமல்கோட்டையில் ஓர் ஆராய்ச்சிப் பண்ணை வந்தது. அதில் ஈடுபட்டவர் சென்னை மாகாணத்தின் தாவரவியல் அதிகாரி சி.ஏ. பார்பர். அவரே 1912ல் கோவையில் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிலையத்துக்கும் பொறுப்பேற்றார். ஏன் கோவை? கரும்பு இங்கே நன்றாகப் பூத்து விதை பிடிக்கும். விதை இருந்தால்தானே ஒட்டுச் சேர்க்க முடியும்!

பார்பரும் அவருடைய உதவியாளர் டி.எஸ். வெங்கட்ராமனும் செய்த காரியம் அந்தக் காலத்தில் விநோதமாகத்தான் பட்டிருக்கும். 'வெள்ளை' என்ற தடித்த இனிப்புக் கரும்பை, ஆற்றங்கரையில் தானாக முளைக்கிற நாணலோடு சேர்த்தார்கள். நாணலில் இனிப்பு சொற்பம். ஆனால் வறட்சி, வெள்ளம், நோய் எதற்கும் லேசில் மசியாது. அப்படிப் பிறந்த 'கோ 205' 1918ல் பஞ்சாப் பக்கம் வெளியிடப்பட்டது. அதன் பிறகு வந்த கோ ரகங்கள் வட இந்தியா முழுக்கப் பரவின. 1930களில் இதே நிலையத்தில் இருந்த ஜானகி அம்மாள் நாணலின் குரோமோசோம்களை ஆராய்ந்தார். இன்று நாம் பிழிகிற கரும்புகளின் நோய் எதிர்ப்பில் பெரும்பங்கு அந்த நாணல் கொடுத்த சீதனம்.

இத்தோடு 'சுபம்' போட்டுவிடலாம்தான். ஆனால் பூஞ்சை சும்மா இருக்கவில்லை. பீகாரிலும் உத்தரப் பிரதேசத்தின் கிழக்குப் பகுதியிலும் 'கோ 213' பெரும் பரப்பில் பயிரானது. 1938ஐ ஒட்டிய வருஷங்களில் அதைச் செவ்வழுகல் அடித்துப் போட்டது. தமிழ்நாட்டில் 1970களில் வந்த 'கோ.க. 671' சர்க்கரைச் சத்தில் மன்னன், ஆலைகளுக்குச் செல்லப்பிள்ளை. அதுவும் 1990களுக்குள் இந்த நோய்க்குப் பணிந்தது. 2009ல் வெளியான 'கோ 0238' உத்தரப் பிரதேசக் கரும்புப் பரப்பில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் பிடித்தது. பத்து வருஷம் ஆவதற்குள் பூஞ்சை புது அவதாரம் எடுத்து அதையும் தாக்கியது.

மூன்று கதையிலும் ஒரே பாடம். ரகம் ஒன்றே ஒன்றாகி வயலெல்லாம் நிறைந்தால், அதை உடைக்கக் கற்றுக்கொண்ட பூஞ்சைக்கு ஊரே விருந்து. ஒரே போல்ட்டில் பாலத்தையே தொங்கவிட நாம் சம்மதிப்போமா? வயலில் மட்டும் அதைச் செய்கிறோம். காரணமும் புரியாததல்ல. ஆலைக்கு வேண்டியது ரெகவரி, விவசாயிக்கு வேண்டியது ஏக்கருக்கு டன். இரண்டையும் தருகிற ரகம் கிடைத்தால் யார் விடுவார்? ஆனால் அது விழும்போது ஆலைக்குப் போவது ஒரு சீசன் லாபம். விவசாயிக்குப் போவது வருஷப் பிழைப்பு, தலையில் ஏறுவது கடன்.

விழுந்த ரகம் வீண் என்று தள்ளிவிடவும் கூடாது. தமிழ்நாட்டில் பல வருஷம் கோலோச்சிய 'கோ 86032' யாருடைய வாரிசு தெரியுமா? அதே கோ.க. 671ஐத் தகப்பனாக வைத்து, 'கோ 62198' உடன் சேர்த்துப் பெற்ற பிள்ளை. அதற்கு நோயைத் தாங்கும் சக்தி ஓரளவு இருந்தது.

எதிர்ப்புச் சக்தி ஒருமுறை வாங்கி மாட்டிவிட்டு மறந்துபோகிற உதிரிபாகம் இல்லை. தலைமுறை தலைமுறையாகத் தேடிக்கொண்டே இருக்க வேண்டியது. சுத்தமான விதைக்கரணை, நெல்லோடு பயிர்ச் சுழற்சி, ஓர் ஆலை எல்லைக்குள் மூன்று நாலு ரகம் – இவை அதற்குத் துணை. எல்லாவற்றுக்கும் மூலதனம் ஆற்றோரத்து நாணல். ஆற்று மணலை அள்ளும்போதும், கரையைச் சிமெண்ட் போட்டு மூடும்போதும் அந்த நாணலும் கூடவே போகிறது. அந்த வேலைகளுக்குப் பிளான் போடுகிறவர்களில் நம் கல்லூரிப் பிள்ளைகளும் உண்டு. கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரு நிமிஷம் அந்தப் புதரையும் பாருங்கள்!