பரிவு நரம்பும் ஒற்றைத் தலைவலியும்



எர்ணாவூரில் பாடம் நடத்திய நாளில், தலைவலி என்று பெஞ்சில் கவிழ்ந்த பிள்ளையை "நடிக்காதே" என்று அதட்டியிருக்கிறேன்.

1851இல் பிரான்சின் கிளாட் பெர்னார்ட் முயலின் கழுத்தில் பரிவு நரம்பை வெட்டினார். அந்தப் பக்கக் காது சிவந்து சூடானது. ரத்தக்குழாயைச் சுருக்குவது அந்த நரம்பே என்று பின்னர் புரிந்தது. 1860இல் பெர்லின் பேராசிரியர் டு புவா-ரேமோன் தன் ஒற்றைத் தலைவலியையே கவனித்தார்: முகம் வெளுத்தது, நெற்றிப்பொட்டு நாளம் கயிறாக இறுகியது. பரிவு நரம்பின் முறுக்கே காரணம் என்றார். 1867இல் மொல்லன்டார்ஃப் நேரெதிராக, நரம்பு தளர்ந்து குழாய் விரிவதே காரணம் என்றார். 1966இல், நெஞ்சுவலிக்குக் கொடுத்த புரோப்ரனலால் தலைவலியையும் குறைத்தது தற்செயலாகத் தெரிந்தது. பரிவு நரம்பின் கட்டளையைத் தடுக்கும் மருந்து அது. குழாய் மட்டுமல்ல, மூளையும் நரம்புகளும் சேர்ந்த நோய் என்பது இன்றைய தெளிவு.

நடிப்பல்ல அது. அன்று திட்டு வாங்கியவர்கள் மன்னியுங்கள். இன்று ஆசிரியராக இருப்பவர்களே, பிள்ளை தலையைப் பிடித்தால் முதலில் நம்புங்கள்.