ஓசியில் கொடுத்து விற்ற கதை

இரும்புக்கை மாயாவியில் தொடங்கி, சிவகாசி அச்சில் வந்த காமிக்ஸைப் படித்தே வளர்ந்தவன் நான். அமெரிக்கக் காமிக்ஸ் என்னிடம் முதலில் வந்து சேர்ந்தது கோப்பாகத்தான். அங்கே மாதாமாதம் வரும் மெல்லிய இதழ்களை நம்மூர்க் கடையில் யார் வரவழைத்து விற்கப்போகிறார்கள்? யாரோ ஒரு ரசிகர் ஸ்கேன் செய்து இணையத்தில் விட்டதுதான் இங்கே கிடைத்தது. அது திருட்டுப் பிரதி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் பின்னாளில் காமிக்ஸ்காரர்கள் தாங்களே விளம்பரத்துக்குக் கையில் எடுத்ததும் இதே கோப்பைத்தான்.

அந்தக் கோப்பின் வகைக்குச் சிபிஆர், சிபிஇசட் என்று பெயர். பெரிய தொழில்நுட்பம் என்று மிரள வேண்டாம். பக்கங்களைப் படங்களாக்கி, ஜிப் செய்து, கோப்புப் பெயரின் வாலைச் சிபிஇசட் என்று மாற்றினால் தீர்ந்தது. ரார் செய்தால் சிபிஆர். டேவிட் ஏய்ட்டன் என்பவர் எழுதிய சிடிஸ்பிளே என்ற மென்பொருளால் பரவிய ஏற்பாடு இது. பக்கங்கள் பெயர் வரிசைப்படி வரும் என்பதால் 001, 002 என்று பூஜ்யம் சேர்த்துப் பெயர் வைக்க வேண்டும். சோம்பல்பட்டு 1, 2 என்று வைத்தால் சில மென்பொருள்களில் முதல் பக்கத்தை அடுத்துப் பத்தாம் பக்கம் வந்து நிற்கும். கொலைகாரன் முன்கூட்டியே மாட்டிக்கொள்வான். மற்றபடி பூட்டும் இல்லை, சாவியும் இல்லை.

காமிக்ஸ் தொழிலுக்கு மாதிரிப் பிரதி மிகவும் அவசியம். அமெரிக்காவில் காமிக்ஸுக்கென்றே இருக்கும் கடைகள், விற்காத இதழ்களைப் பொதுவாகத் திருப்பித் தர முடியாது. எனவே புது ஆளின் முதல் இதழை வாங்கி அடுக்கக் கடைக்காரர் தயங்குவார். கலிஃபோர்னியாக் கடைக்காரர் ஜோ ஃபீல்டின் யோசனையில் 2002 மே மாதம் இலவசக் காமிக்ஸ் தினம் பிறந்தது. வாசகருக்குத்தான் இலவசம், அச்சுக்கூலியைப் பதிப்பாளரும் கடைக்காரரும் சுமந்தாக வேண்டும். கோப்புக்கு அந்தச் செலவு கிடையாது. இருந்தும் பெரிய நிறுவனங்கள் அதைக் கண்டு அஞ்சின.

அச்சத்தைக் குலைத்த சம்பவம் 2010-இல் நடந்தது. ஜெஃப் பார்க்கர் எழுதி ஸ்டீவ் லீபர் வரைந்த ‘அண்டர்கிரவுண்ட்’, கென்டக்கி குகை ஒன்றில் சிக்கும் வனக்காவலர் பெண்ணின் கதை. அதை முழுக்க ஸ்கேன் செய்து ஒருவர் ஃபோர்சான் தளத்தில் போட்டுவிட்டார். வக்கீல் நோட்டீஸ் வரும் என்றுதான் எவரும் எதிர்பார்த்திருப்பார்கள். லீபரே அங்கே போய், படித்தவர்களோடு உட்கார்ந்து கதையைப் பற்றிப் பேசினார். அதையடுத்து அவர் வெளியிட்ட விற்பனை வரைபடத்தில், தரையோடு கிடந்த கோடு செங்குத்தாக எழுந்து நின்றது.

2013 மார்ச் மாதம், பூட்டிக் கொடுப்பது, திறந்து கொடுப்பது என்ற இரண்டு வழிகளும் அருகருகே வந்தன. மார்வெல், காமிக்ஸாலஜி செயலி வழியாக 700-க்கும் மேற்பட்ட முதல் இதழ்களை இலவசமாகத் தருவதாக அறிவித்தது. கூட்டம் தாங்காமல் சர்வர் படுத்துவிட, திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். கிடைத்தவர்களாலும் காமிக்ஸாலஜியின் செயலியிலோ தளத்திலோதான் படிக்க முடிந்தது.

அதே மாதம் பிரையன் கே. வானும் மார்கோஸ் மார்ட்டினும் ‘தி பிரைவேட் ஐ’ தொடரைத் தங்கள் பேனல் சிண்டிகேட் தளத்தில் விட்டார்கள். பிடிஎஃப், சிபிஆர், சிபிஇசட், எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். விலை வாசகர் இஷ்டம், பூஜ்யமும் சரி. படுக்கைவாட்டுப் பக்கங்கள் என் மடிக்கணினித் திரைக்கென்றே அளவெடுத்ததுபோல் பொருந்தின. எல்லாருடைய ரகசியமும் அம்பலமானதால் இணையமே ஒழிந்துபோன எதிர்காலம்தான் கதை. அதைப் படிக்கவோ இணையத்துக்குத்தான் வரவேண்டும்! பத்து இதழ்களில் தொடர் முடிந்தது. 2015-இல் ஐஸ்னர் விருது. அந்த வருடக் கடைசியில், கோப்பு தளத்தில் கிடைத்துக்கொண்டிருக்கும்போதே, இமேஜ் நிறுவனம் அதைக் கெட்டி அட்டைப் புத்தகமாகக் கொண்டுவந்தது.

காமிக்ஸ் வாசகன் சேகரிப்பாளனும்கூட. கதை பிடித்துவிட்டால் அலமாரியில் அதற்கு இடம் ஒதுக்காமல் அவனுக்குத் தூக்கம் வராது. முதல் இதழை அவன் கையில் சேர்ப்பதுதான் பாடு. விளம்பரத்துக்கென்று விடும் கோப்பைச் செயலிக்குள் பூட்டுவது, சுவரொட்டி அடித்துப் பீரோவில் வைப்பதற்குச் சமம். ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பினால்தான் கோப்பு ஊர்சுற்றும். அப்படிச் சுற்றினால்தான் புத்தகத்துக்கு ஆள் சேரும்.